பாலத்துக்கு இந்தப் பக்கம்

பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்ற செய்தியைக் கேட்காமல் தமிழ்நாட்டில் ஓர் ஐப்பசி கார்த்திகை கழிவதில்லை. கூண்டின் எண்ணைக் கேட்டதுமே படகை எங்கே கொண்டுபோய்க் கட்டுவது என்று முடிவு செய்துவிடும் ஊர் அது. புயலுக்கு இரண்டு நாளாவது அவகாசம் உண்டு. வல்லத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தால் அந்த அவகாசம் கிடையாது. இதயம் நின்ற நாலைந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்கும். யாரும் நெஞ்சில் கைவைத்து அழுத்தாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறையும் என்பது மருத்துவ உலகம் நெடுநாளாக ஏற்றுக்கொண்ட கணக்கு.

இந்தக் கணக்கைப் பாம்பனின் தூரக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கிழக்கே ராமேசுவரம் சுமார் 12 கிலோமீட்டர். மேற்கே பாலம் தாண்டி, மண்டபம், உச்சிப்புளி வழியாக ராமநாதபுரம் சுமார் 45 கிலோமீட்டர். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. அதற்கும் மேலான சிகிச்சை வேண்டுமென்றால் மதுரை, இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. அது வந்த பிறகு எத்தனையோ உயிர் மிஞ்சியிருக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் வண்டி ஐந்து நிமிடத்துக்குள் வந்து நிற்கும் இடங்கள் இந்தக் கரையில் குறைவு.

விடுமுறை நாள் மாலையில் பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். இரண்டே வழித்தடம். வெளியூர் வேன்கள் இடதோரமாக நிற்கும். ரயில் வருகிறதா என்று பார்க்கவும் தூக்குப் பாலத்தைப் படம் எடுக்கவும் ஜனங்கள் இறங்கி நடைபாதையிலும் சாலையிலுமாகப் பரவியிருப்பார்கள். எதிர்த் தடத்தில் அரசுப் பேருந்து. இதற்கு நடுவே சைரன் கேட்டால் ஒதுங்குவதற்குக் கடலைத் தவிர வேறு இடம் இல்லை.

ரயில் பாலம் 1914-இல் திறந்தது. சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2-இல்தான் வந்தது. இடைப்பட்ட 74 ஆண்டுகள் தீவில் ஒருவருக்கு முடியாமல் போனால் ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும், இல்லையேல் தோணி பிடிக்க வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் தனுஷ்கோடியையும், பாம்பனிலிருந்து அங்கே போன பயணிகள் ரயிலையும் அடித்துக்கொண்டு போனபோது அந்த ஒற்றை வழியும் அறுந்தது. பாலத்தைச் சீர்செய்ய 46 நாள் ஆயிற்று. அதை முடித்த பொறியாளர் இ. ஸ்ரீதரனின் பெயர் பின்னாளில் டெல்லி மெட்ரோவால் நாடெங்கும் தெரிந்தது. இப்போது 2025 ஏப்ரல் 6 முதல் செங்குத்தாக உயரும் புதுப் பாலத்தில் ரயில் போகிறது. ஒரு நூற்றாண்டாக அரசின் கவனமெல்லாம் தூரத்தைக் குறைப்பதில் இருந்தது. அது நியாயம்தான். ஆனால் வாய்க்கால் கரையில், படகுத் தட்டில், கோயில் பிராகாரத்தில் கழியும் முதல் பத்து நிமிடத்துக்கு எந்தப் பாலமும் உதவாது. அந்தப் பத்து நிமிடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஆள்தான் மருத்துவமனை.

பக்கத்தில் ஆள் இல்லாத ஊர் அல்ல இது. விபத்து என்றால் ஆட்டோக்காரர் வாடகை கேட்க மாட்டார். கடலில் ஒரு படகு திரும்பவில்லை என்றால் டீசல் செலவைப் பார்க்காமல் நாலு படகு தேடப் போகும். தமுமுக போன்ற அமைப்புகளின் ஆம்புலன்ஸ்கள் சாதி மதம் கேட்காமல் ஓடுகின்றன. துணிச்சலும் இருக்கிறது, ஈரமும் இருக்கிறது. குறை வேறிடத்தில். நம் ஊர்களில் உதவி என்றால் 'தூக்கு, வண்டியில போடு, ஓடு' என்பதுதான் பொருள். நெஞ்சு நின்ற ஒருவரை ஆட்டோவின் பின்சீட்டில் மடக்கிப் போட்டுப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடினால், மருத்துவமனை வாசலில் இறங்குவது பெரும்பாலும் உடல்தான். அதே ஆளைத் தரையில் மல்லாத்திப் போட்டு, ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தால், ஆம்புலன்ஸ் வரும்போது அதற்குச் செய்ய ஏதாவது மிஞ்சியிருக்கும்.

இதைச் சொன்னால் கேட்பவருக்குக் கோபம் வரும். ஆள் செத்துக்கொண்டிருக்கிறான், தரையில் போட்டு அமுக்கச் சொல்கிறாயா என்பார்கள். கோபம் இயல்பு. அதைப் பேச்சால் மாற்ற முடியாது. பயிற்சிப் பொம்மையின் மேல் கையை வைத்து அழுத்தச் சொல்லித்தான் மாற்ற முடியும்.

அழுத்துவது என்றால் எப்படி? நடுநெஞ்சில், மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதி. அதன் மேல் இன்னொரு கை. முழங்கை மடங்கக் கூடாது. இடுப்பிலிருந்து உடம்பின் பாரம் இறங்க வேண்டும். பெரியவர்களுக்கு ஐந்து சென்டிமீட்டராவது நெஞ்சு உள்ளே போக வேண்டும், ஒவ்வொரு முறையும் முழுதாக எழும்பிவர விட வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. கரைவலை இழுக்கும்போது போடும் ஐலசா இதற்குப் போதாது, அது நிதானமான தாளம். நொடிக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு நிமிடத்தில் எப்பேர்ப்பட்ட மடி இழுக்கும் தோளும் சோர்ந்துவிடும், ஆள் மாற்றியாக வேண்டும். இங்கே மீனவருக்கு ஓர் அனுகூலம் உண்டு. ஒரே வேலையில் தாளம் தப்பாமல் ஆள் மாற்றிக்கொள்ள அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

தண்ணீரில் மூழ்கியவருக்குக் கணக்கு சற்று மாறும். அவருக்கு இதயம் நிற்பதே மூச்சு நின்றதால்தான். ஆகவே முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதிவிட்டுப் பிறகு நெஞ்சை அழுத்த வேண்டும். நம் கரைகளில் நடப்பது வேறு. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது, தோளில் போட்டுக்கொண்டு ஓடுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுவது. வயிற்றுத் தண்ணீர் வெளியே வருவதைப் பார்த்ததும் கூடியிருப்பவர்களுக்கு ஒரு திருப்தி. ஆனால் அந்தத் தண்ணீர் அவரைக் கொல்லவில்லை. அமுக்கும்போது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போனால் அது கொல்லும்.

நம்மை மட்டும் நொந்துகொள்ள வேண்டியதில்லை. உலகில் தன்னார்வ முதலுதவி என்ற ஏற்பாடு அமைப்பாக உருவானதே தண்ணீரில் விழுந்தவர்களுக்காகத்தான். கால்வாய்கள் நிறைந்த ஆம்ஸ்டர்டாமில் 1767-இல் மூழ்கியவர்களைக் காப்பதற்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதைப் பார்த்து 1774-இல் லண்டனில் இன்னொன்று வந்தது, அதுவே பின்னாளில் ராயல் ஹியூமேன் சொசைட்டி. மூழ்கியவரைச் சூடேற்றுவது, வாய்வழி காற்று ஊதுவது ஆகியவற்றோடு, துருத்தியால் ஆசனவாய் வழியாகப் புகையிலைப் புகையை ஏற்றுவதும் அவர்களுடைய சிகிச்சையில் ஒன்று! தலைகீழாகத் தொங்கவிடும் நம் ஆட்கள் அந்த அளவுக்குப் போகவில்லை. லண்டன் சங்கம் இன்னொரு நல்ல காரியமும் செய்தது. நீரிலிருந்து எடுத்த உடலை வீட்டுக்குள் விட ஆட்கள் பயந்தார்கள். செத்துவிட்டால் வழக்கு, அடக்கச் செலவு. எனவே மீட்டவருக்குப் பரிசு தந்ததோடு, படுக்க இடம் கொடுத்த விடுதிக்காரருக்கும் ஒரு கினி தந்தார்கள். உதவி செய்பவனின் பயத்துக்கு விலை உண்டு என்று 250 ஆண்டுக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பயம் நம்மிடம் இன்னும் போகவில்லை. 'கேஸ் ஆயிடும்' என்ற இரண்டு சொல் கொன்ற உயிர்களைக் கணக்கெடுக்க முடியாது. சேவ்லைஃப் அறக்கட்டளை தொடர்ந்த வழக்கில் 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம், உதவியவரை அலைக்கழிக்கக் கூடாது என்ற வழிகாட்டு நெறிகளுக்குச் சட்ட வலு கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது சிவில் வழக்கோ குற்ற வழக்கோ போட முடியாது, பெயர் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. 2021-இல் ஒன்றிய அரசு அறிவித்த 5,000 ரூபாய்ப் பரிசு 2025-இல் 25,000 ஆனது. தமிழ்நாட்டிலோ 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. முதலில் ஒரு லட்சமாக இருந்த உச்சவரம்பு பின்னர் இரண்டு லட்சமானது.

எல்லாம் நல்ல ஏற்பாடுகள். ஒன்றைக் கவனியுங்கள்: இவை அத்தனையும் சாலையைப் பார்த்து நிற்கின்றன. 134ஏ பிரிவு மோட்டார் வாகன விபத்தில் சிக்கியவருக்கு உதவுவோரைத்தான் பெயர் சொல்லிக் காக்கிறது. 48 மணி நேரத் திட்டம் சாலை விபத்துக்கானது. அரிச்சல்முனையில் அலையில் சிக்கியவரை இழுத்துப்போட்டு மூச்சு ஊதியவர், அக்னி தீர்த்தத்தில் மயங்கி விழுந்த வடநாட்டு மூதாட்டியின் நெஞ்சை அழுத்தியவர், படகில் சாய்ந்த கூட்டாளிக்கு உதவியவர் எவரும் அந்தப் பிரிவுக்குள் வர மாட்டார்கள். ஒருவருடைய நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்த காரியம் குற்றமாகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவு பொதுவாகச் சொல்கிறது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவுதான் அது. ஆனால் காவல் நிலையப் படியேறி நிற்கும் மீனவருக்கு அதை யார் எடுத்துச் சொல்வது? கடலையும் கரையையும் சேர்த்து ஒரே வரியில் எழுதிய சட்டம் வேண்டும். கடற்கரை நீளமான மாநிலம் இதை முதலில் கேட்பதே முறை.

கடலில் நிலைமை இன்னும் சிக்கல். ராமேசுவரம் விசைப்படகு கிளம்பினால் மறுநாள்தான் கரை காணும். கடலோரக் காவல்படையின் தேடல்-மீட்பு எண் 1554. மண்டபத்தில் அதன் நிலையம் இருக்கிறது. ஒக்கிப் புயலில் அடிபட்ட பிறகு கேரளம் 2020-இல் 'பிரதீக்ஷா'வில் தொடங்கி மூன்று கடல் ஆம்புலன்ஸ் படகுகளை இறக்கியது, விழிஞ்ஞம், வைப்பின், பேப்பூர் என்று மூன்று இடத்துக்கு. அப்படி ஒன்று பாம்பனுக்கும் வேண்டும் என்று கேட்பது எளிது, நானும் கேட்கிறேன். வந்தாலும், வின்ச் கயிறு சுற்றி விரல் துண்டானவருக்கு ரத்தத்தை நிறுத்த வேண்டியது அந்தப் படகில் இருக்கும் மற்ற நாலு பேர்தான். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் நேராக அமுக்கிப் பிடித்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் இருப்பதே அதில் பாதி வேலை.

திருக்கை முள் ஏறினால் படும் வேதனையைப் பட்டவரிடம்தான் கேட்க வேண்டும். அந்த நஞ்சு ஒரு புரதம், சூட்டில் சிதைந்துவிடும். தாங்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை முக்கி வைத்தால் வலி இறங்கும். படகில் வெந்நீருக்கு எங்கே போவது? எஞ்சினைக் குளிர்வித்து வெளியே கொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்துக்கொள்ளலாம். அடிபடாத கையை விட்டுச் சூடு பார்த்த பிறகே காயம்பட்ட காலை வைக்க வேண்டும், வலியில் இருப்பவருக்குச் சூடு தெரியாது, தோல் வெந்துவிடும். முள் நெஞ்சிலோ வயிற்றிலோ ஏறியிருந்தால் பிடுங்கக் கூடாது. சொறி என்னும் ஜெல்லி மீன் பட்டால் மணல் போட்டுத் தேய்ப்பதும் நல்ல தண்ணீர் ஊற்றுவதும் தோலில் ஒட்டிய நஞ்சுப் பைகளை இன்னும் வெடிக்கவைக்கும். கடல் தண்ணீரிலேயே கழுவ வேண்டும். இவை எதுவும் மருத்துவப் படிப்பு அல்ல, ஒரு மத்தியான வேளையில் சொல்லி முடித்துவிடலாம்.

இந்தக் காயங்களை அதிகம் அறிந்தவர்கள் பாசி எடுக்கும் பெண்கள். பாம்பனை ஒட்டிய சின்னப்பாலம் அவர்களுடைய ஊர்களில் ஒன்று. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, சேலைக்கு மேல் ஆண்களின் சட்டை மாட்டிக்கொண்டு, கண்ணாடி போட்டு மூழ்கி, பாறையிலிருந்து பாசி பறிப்பவர்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் கட்டுப்பாடுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டே, மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று தங்களுக்குள் தாங்களே விதி செய்துகொண்டார்கள். அந்தப் போராட்டத்தில் முன்நின்ற சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி விருது கிடைத்தது. ஆளுக்கு ஆள் கண் வைத்து, சேர்ந்து போய், சேர்ந்து திரும்பும் கூட்டம். முதலுதவித் தன்னார்வலர் படை அமைக்க வேண்டுமென்றால் நான் விசைப்படகுச் சங்கத்துக்குப் போவதற்கு முன் இவர்களிடம் போவேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பொது இடத்தில் ஒரு பெண்ணுக்கு நெஞ்சு நின்றால் அழுத்த ஆண்கள் தயங்குகிறார்கள், மேலைநாட்டு ஆய்வுகளே அதைக் காட்டியிருக்கின்றன. நம் ஊரில் அந்தத் தயக்கம் இரட்டிப்பு. பயிற்சி பெற்ற பெண் பக்கத்தில் இருந்தால் அந்தக் கேள்வியே எழாது.

ராமேசுவரம் கோயிலில் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாக இறைத்து ஊற்றுகிறார்களே, அவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வழுக்கும் கல்தளம், ஈரத்துணி, விரதம் இருந்த வயதானவர்கள், தை அமாவாசைக் கூட்டம். விழுகிறவருக்கு முதலில் நீளும் கை அவர்களுடையதுதான். தானே பேசி வழிசொல்லும் ஏஇடி மின்னதிர்ச்சிக் கருவிகளை வைக்க வேண்டிய இடமும் அதுவே. உப்புக் காற்றில் பேட்டரியையும் ஒட்டுப்பட்டையையும் தேதி பார்த்து மாற்ற ஓர் ஆள் பொறுப்பேற்காவிட்டால், அந்தக் கருவி ஆறு மாதத்தில் சுவர் அலங்காரம் ஆகிவிடும்.

நெஞ்சு வலி என்று வருபவருக்கு உடனே கொடுக்க 14 மாத்திரைகளை, ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8 என்று, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை நிலையத்திலும் வைத்திருக்கச் செய்தது 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டம். பாம்பன் போன்ற ஊருக்கென்றே யோசித்தது போன்ற திட்டம் அது. ஆனால் அந்த மாத்திரை வரை ஆள் உயிரோடு வந்து சேர வேண்டும். பாம்பனிலிருந்து ராமேசுவரம் போகும் வழியில் பேய்க்கரும்பில் அப்துல் கலாமின் நினைவிடம் இருக்கிறது. இதய மருத்துவர் சோமராஜுவோடு சேர்ந்து 1990-களில் விலைகுறைந்த ஸ்டென்ட் உருவாக்கியவர் அவர். 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்கள் முன் பேசிக்கொண்டிருந்தபோதே இதயம் நின்று சாய்ந்தார். யாருக்கு, எங்கே என்று அது பார்ப்பதில்லை.

மற்ற நாடுகளில் இதை எப்படிக் கோத்திருக்கிறார்கள்? 1967-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில், நெஞ்சை அழுத்தி மூச்சு ஊதும் சிபிஆர் முறையை வகுத்தவர்களில் ஒருவரான பீட்டர் சஃபார், வேலையில்லாத கறுப்பின இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸை ஓட்டவைத்தார். அதுவரை நோயாளியைக் காவல்துறை வண்டிதான் அள்ளிப்போட்டுக்கொண்டு போகும். படிப்பறிவு குறைந்தவர்கள் என்று ஊர் ஒதுக்கிய ஆட்களே அந்த நாட்டின் அவசர மருத்துவத்துக்கு முன்மாதிரி ஆனார்கள். சிங்கப்பூரில் 2015 முதல், 400 மீட்டருக்குள் யாருக்காவது நெஞ்சு நின்றால் பதிவுசெய்த தன்னார்வலரின் கைபேசி ஒலிக்கிறது. ஸ்டாக்ஹோமில் இப்படிக் கைபேசியால் ஆள் அனுப்பிப் பார்த்த ஆய்வு 2015-இல் வெளியானது. ஆம்புலன்ஸ் வருமுன் சிபிஆர் கிடைத்தவர்கள் 48 விழுக்காட்டிலிருந்து 62 ஆனார்கள். ஆனால் பிழைத்தவர் எண்ணிக்கையில் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாட்டை அந்த ஆய்வு காட்டவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். தன்னார்வலர் மந்திரவாதி இல்லை. சங்கிலியில் அவர் ஒரு கண்ணி, பின்னால் வரும் கண்ணிகளும் இறுகியிருக்க வேண்டும்.

பாம்பனில் இந்தச் சங்கிலிக்கான கண்ணிகள் தனித்தனியே கிடக்கின்றன. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'ஆப்த மித்ரா' திட்டம் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேருக்குப் பன்னிரண்டு நாள் பயிற்சி, அடையாள அட்டை, உபகரணப் பை தருவதாக வகுக்கப்பட்டது. அது பேரிடருக்கு. 2016 ஆகஸ்ட் 15 முதல் பாம்பனிலிருந்து ஒலிக்கும் 'கடல் ஓசை' சமூக வானொலியை 90.4-இல் மீனவக் குடும்பங்கள் கேட்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, 108 இருக்கிறது. 108-க்கு அழைப்பு போன அதே நொடியில், அக்காள்மடத்திலோ தெற்குவாடியிலோ இருக்கும் பயிற்சி பெற்ற ஒருவருக்கும் அழைப்பு போகும்படி செய்ய ஒரு கைபேசிப் பட்டியல் போதும்.

தன்னார்வலரைப் பற்றிப் பேசும்போது நாம் மறந்துவிடும் ஒன்று உண்டு. சிற்றூரில் அவர் காப்பாற்றப் போவது தெரியாதவரை அல்ல. சித்தப்பாவை, கூடப் படித்தவனை, கடன் கொடுத்த சம்மாட்டியை. பெரும்பாலான முறை தோற்பார். மறுநாள் அதே தெருவில் அந்த வீட்டைக் கடந்துதான் கடலுக்குப் போக வேண்டும். 'இவன் அமுக்கித்தான் செத்தான்' என்று யாரோ ஒருவர் சொல்லுவார். அதற்குப் பதில் சொல்ல ஊருக்குள் ஒரு மருத்துவர் வேண்டும், அந்தத் தன்னார்வலரோடு உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். சட்டையும் சான்றிதழும் கொடுத்து அனுப்பிவிட்டால் இரண்டு வருடத்தில் பட்டியலில் பெயர்தான் இருக்கும்.

விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். வலை பொத்துவார்கள், எஞ்சினைப் பிரித்து மாட்டுவார்கள், படகுக்கு வண்ணம் அடிப்பார்கள். நெஞ்சை அழுத்தவும் மூச்சு ஊதவும் ரத்தத்தை நிறுத்தவும் கற்றுக்கொள்ள அதில் ஒரு நாள் போதும். சுகாதாரத் துறையும் மீன்வளத் துறையும் சேர்ந்து கடற்கரைக்கே இரண்டு பொம்மையைக் கொண்டுவர வேண்டும், சங்கங்கள் ஆட்களைக் கூட்டித்தர வேண்டும். தடைக்காலம் ஏப்ரல் 15 அன்று தொடங்குகிறது.